கண்மாய் எல்லைக்கு வெளியே

பூவாக் கண்மாயில் பந்து விழுந்தால் அது எல்லைக்கு வெளியே. இந்த ஒரு வரியைச் சுவரில் எழுத வைப்பதற்குள் எங்கள் கோல்ஃப் சங்கத்தில் எனக்குத் தொண்டை கட்டிப்போனது. மற்ற ஊர்களில் தண்ணீரைக் கண்டால் சிவப்புக் குச்சி நட்டுவிடுவார்கள். சிவப்புக்குள் விழுந்த பந்தை, முடிந்தால் உள்ளே இறங்கி அடிக்கலாம். முடியாவிட்டால் ஓர் அடியைத் தண்டமாகக் கொடுத்துவிட்டு வெளியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். எங்கள் மைதானத்துக்குக் குறுக்கே ஓடும் வரத்து வாய்க்காலுக்கு அந்த முறைதான். கண்மாய்க்கு மட்டும் வெள்ளைக் குச்சிதான் வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். வெள்ளையைத் தாண்டிவிட்டால் அந்தப் பந்தை மறந்துவிட வேண்டும். ஓர் அடி தண்டம், அதோடு முன்பு அடித்த இடத்துக்கே திரும்பி நடந்து மறுபடி அடிக்க வேண்டும்.

"தண்ணின்னா செவப்புதான் டீச்சர். ரூல் புக்குல அப்பிடித்தான் இருக்கு" என்றார் செயலாளர் ஃபிரெடி.

"ரூல் புக்கு எழுதுனவரு பூவாவிடுதிக்கு வந்துருக்காரா சார்?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் ஷெரின். சொந்த ஊர் ஆவூர். புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கோல்ஃப் விதிகளுக்கென்று ஒரு பரீட்சை உண்டு. அதை எழுதித் தேறியதால் கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த மைதானத்துக்கு நான்தான் நடுவர். மைதானம் என்றதும் டிவியில் பார்க்கிற பச்சைப் பசேல் புல்வெளியை நினைக்க வேண்டாம். முந்திரிக் காட்டைத் திருத்தி உண்டாக்கிய ஒன்பது குழி, சுற்றிலும் செம்மண். குழியைச் சுற்றிப் புல்லுக்குப் பதிலாக எண்ணெய் கலந்து சமப்படுத்திய மணல். அதற்கு பிரவுன் என்று பெயர்.

ஒன்பதாவது குழிக்குப் போகும் வழியில் இடது பக்கம் முழுக்கப் பூவாக் கண்மாய்க் கரை. கண்மாய் பூவாவிடுதி ஊருக்குச் சொந்தம். கோடையில் தண்ணீர் வற்றியதும் ஒரு நாள் குறித்து, மடைப் பக்கம் இருக்கும் அய்யனாருக்குப் பூசை போட்டு, ஊர்த் தலைவரான அம்பலம் கரைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசுவார். துண்டு வீசியதும் சுற்றுவட்டாரமே மீன்மேல் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக் கூடையும் வலையுமாகத் தண்ணீருக்குள் பாயும். அதற்கு முன்னால் ஒருவரும் அதில் கால் நனைக்கக் கூடாது. நனைத்தவன் யாராக இருந்தாலும் ஊருக்கு ஆகாதவன். இதில் போய் ஒருத்தன் பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் பந்தை அடித்தால் அவன் காலும் இருக்காது, எங்கள் மைதானமும் இருக்காது. என் வெள்ளைக் குச்சிக்குக் காரணம் இதுதான்.

இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. துண்டை யார் வீசுவது என்று ஆண்டியப்பன் அம்பலத்தின் வீட்டுக்கும் அவர் பங்காளி முனியசாமி வீட்டுக்கும் தகராறு. போன தடவை அது கைகலப்பாகி, ஆவுடையப்பன் என்பவர் மண்டை உடைந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதன்பிறகு கண்மாயில் மீன்பிடியே நடக்கவில்லை. கடைசியில் தாசில்தார் ஆபீசில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். இந்த வருடம் துண்டு ஆண்டியப்பன் கையில், அடுத்த வருடம் முனியசாமி கையில். வேறு யார் வீசினாலும் ஒப்பந்தம் முறிந்தது, கண்மாய் அரசாங்க ஏலத்துக்குப் போய்விடும். இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு முறைத்துக்கொண்டே வெளியே வந்தார்கள்.

மீன்பிடிக்கு அவர்கள் குறித்த ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கும் தேர்வுப் போட்டி.

மாநில ஜூனியர் அணிக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை எடுப்பார்கள். ஒரே ஓர் இடம். அதற்குக் கடைசிவரை நின்றது இரண்டு பேர். கோயம்புத்தூரிலிருந்து வந்த டயானா, பூவாவிடுதி அன்புமொழி. அன்புமொழி என் மாணவி. ஈட்டி எறிய வந்த பெண்ணின் தோளைப் பார்த்துவிட்டு நான்தான் கையில் கோல்ஃப் ஸ்டிக்கைக் கொடுத்தேன். ஆண்டியப்பன் அம்பலத்தின் ஒரே மகள். ஜூனியர் அணிக்கு வயது வரம்பு உண்டு. அவளுக்கு இதுதான் கடைசி வருடம். டயானாவுக்கு இன்னும் வருடங்கள் இருந்தன. இந்தப் போட்டியில் தோற்றால் அன்புமொழி அடுத்து பெரியவர்களோடு மோத வேண்டும். சொந்தமாகக் கார் வைத்துக்கொண்டு பெங்களூருக்கும் சென்னைக்கும் போய் ஆடுகிறவர்களோடு. அது நடக்கிற காரியமில்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"மத்தியானம் பூசை போட்டுத்தான் துண்டு. நீங்க அதுக்குள்ள முடிச்சுக்கங்க. ஒங்காளு தண்ணியில எறங்க வேணாம், எங்காளு ஒங்க பக்கம் வரமாட்டாக" என்று அம்பலம் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மகள் ஆடுவதை அவர் ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. ஆனால் அவள் ஜெயித்த கோப்பைகளை வீட்டு முன்னறையில் சாமி படத்துக்குக் கீழே வரிசையாக வைத்திருந்தார்.

ஆனால் மீன் ஆசை யாரை விட்டது? காலை வெயில் ஏறுவதற்குள்ளேயே கரை கொள்ளாத கூட்டம். கந்தர்வக்கோட்டை, கறம்பக்குடி என்று டூவீலரிலும் குட்டி யானை வண்டியிலும் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கரையில் இடம் பிடிக்க முடியாதவர்கள் எங்கள் பக்கத்து முந்திரி நிழலில் ஊத்தாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் நாலைந்து போலீசை வைத்துக்கொண்டு விசில் ஊதிக்கொண்டிருந்தார். அத்தனை பேர் கண்ணும் கரையில்தான் இருந்தது. எங்கேயாவது வெள்ளையாக ஏதாவது அசைகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே, கரை அடிவாரத்தில், வரத்து வாய்க்கால் கண்மாயில் சேரும் இடத்தில் எங்கள் ஆள் ஒருவர் நின்றார். அடித்த இடத்திலிருந்து பார்த்தால் அந்த முனையில் பந்து எங்கே விழுந்தது என்று தெரியாது. அதனால் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தி இரண்டு கொடியைக் கொடுத்துவிடுவார்கள். பந்து உள்ளே பத்திரமாகக் கிடந்தால் வெள்ளை, வெளியே போய்விட்டால் சிவப்பு. கோல்ஃபில் எல்லா இடத்திலும் இருக்கிற பழக்கம்தான். ஃபிரெடி சார் காலையில் பழக்க தோஷத்தில் அந்த இரண்டு கொடிகளையே எடுத்துக் கொடுத்துவிட்டார். கொடுத்தது யாரிடம் தெரியுமா? முனியசாமியின் மகன் சேரனிடம். கூட்டுறவு பேங்கில் வேலை, மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட வருகிறவன், நல்ல பையன். ஆயிரம் பேர் வெள்ளைத் துணிக்காகக் காத்திருக்கும் கரையில், துண்டைத் தொடவே கூடாத வீட்டுப் பிள்ளை கையில் வெள்ளைக் கொடி. எங்களில் ஒருத்தருக்கும் இது உறைக்கவில்லை.

ஒன்பதாவது குழிக்கு வரும்போது அன்புமொழி ஓர் அடி முன்னால் இருந்தாள்.

முதல் அடியில் டயானாவின் பந்து வலது பக்கம் போய் முந்திரி மரத்தின் வேரில் சிக்கிக்கொண்டது. அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நான் மரங்களுக்குப் பின்னால் போயிருந்தேன். அங்கிருந்து எனக்குக் கண்மாய்க் கரை தெரியாது. அன்புமொழி நடுவில் தன் பந்தருகே நின்றாள். அவள் தன் இரண்டாவது அடியை அடித்த சத்தம் கேட்டது. அடி சரியாக விழுந்ததா இல்லையா என்பதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். அது சரியாக விழவில்லை. எட்டிப் பார்த்தேன். பந்து இடது பக்கமாக வளைந்து கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பிறகு மரம் மறைத்துவிட்டது.

மாதாவே, வெள்ளையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அடுத்த நொடி கரையே இடிந்து விழுந்ததுபோல ஒரு கூச்சல். நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு எங்கள் மைதானத்தின் மேலேயே ஓடினார்கள். பொம்பளைகள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிள்ளைகள் பிளாஸ்டிக் வாளியோடு, கிழவர்கள் வேட்டியை அவிழ்த்துத் தலையில் கட்டிக்கொண்டு, வெள்ளைக் குச்சிகளைச் சாய்த்துத் தள்ளிவிட்டுக் கரையேறி அந்தப் பக்கம் குதித்தார்கள். தண்ணீர் சேறாகக் கலங்குகிற சத்தம் இங்கே கேட்டது. இன்ஸ்பெக்டரின் விசிலை யாரும் சட்டை செய்யவில்லை.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அன்புமொழி அந்த முனையில் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். புல் இருந்த இடம் முழுக்க மிதிபட்டுச் சேறு. பந்து கால்பட்டு எங்கே போனதோ, எந்த வாளியில் கிடக்கிறதோ, யார் கண்டது? தேடுவதற்கு மூன்று நிமிடம்தான் கணக்கு. அதற்குள் நாங்கள் பந்தைத் தேடியதைவிட மனிதர்களைப் பார்த்ததுதான் அதிகம். ஏனென்றால் அங்கே சண்டை மூண்டிருந்தது.

"பூசையே முடியலை. எவன்டா துண்டு போட்டது?"

ஆண்டியப்பன் வீட்டு இளவட்டங்கள் கம்போடு நின்றார்கள். எதிரே முனியசாமி தன் ஆட்களோடு. நடுவில் சேரன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. சிவப்புக் கொடி காலடியில் கிடந்தது. வெள்ளையைக் காணோம். சட்டைக்குள் வயிற்றுப் பக்கம் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. பந்து உள்ளே விழுந்திருக்கிறது. ஊர்ப் பெண், தங்கை முறை, அவள் பந்து பிழைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் இவன் கொடியைத் தூக்கிக் காட்டுவதற்குப் பதிலாகத் தலைக்கு மேலே சுற்றி வீசியிருக்கிறான். கூட்டம் பாய்ந்துவிட்டது.

எனக்குப் புரிந்து என்ன பிரயோசனம்? நடுவர் புரிந்துகொண்டதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஏறக்குறைய நிச்சயம் என்று சொல்லும் அளவுக்கு யாராவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

"சேரா, பந்து எங்கிட்டு விழுந்துச்சு? எந்தக் கொடிய எடுத்த?"

"எதையும் எடுக்கலை டீச்சர்."

"நெசமாவா?"

"நான் எதையும் எடுக்கலை." அவன் என்னைப் பார்க்காமல் கம்புகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"இவந்தான்டா நின்னான் இங்கிட்டு! இவுக வீட்டுக்கு இந்த வருசம் துண்டு இல்லைன்னதும் கொடின்னு சொல்லி வீசிட்டான்" என்று ஒருவன் கத்தினான். முனியசாமி வேட்டியை மடித்துக் கட்டினார். இன்ஸ்பெக்டர் போனைக் காதில் வைத்துக்கொண்டே, "ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுருக்கீங்க, ஞாபகம் இருக்கட்டும். இப்ப தாசில்தாருக்குச் சொன்னா கண்மாய் ஏலத்துக்குப் போயிரும்" என்றார்.

அப்போதுதான் ஆண்டியப்பன் அம்பலம் மடைப் பக்கமிருந்து வந்தார். நெற்றியில் விபூதி அரைகுறையாக இருந்தது. தோளில் துண்டு மடிப்புக் கலையாமல் கிடந்தது. பின்னாலேயே பூசாரி. எல்லோரும் வழிவிட்டார்கள். அவர் சேரனைப் பார்த்தார், அவன் சட்டைப் புடைப்பைப் பார்த்தார். பிறகு சேற்றில் நின்றுகொண்டிருந்த மகளைப் பார்த்தார்.

"எம்புள்ளைக்கு என்ன டீச்சர்?" என்று என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டார்.

சொன்னேன். எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னேன். வெள்ளைக் கொடி காட்டியிருந்தால் பந்து உள்ளே கிடந்தது என்று அர்த்தம். கூட்டம் மிதித்தது அவள் குற்றமில்லை. கிடந்த இடத்திலேயே வேறு பந்தை வைத்துத் தண்டமில்லாமல் அடிக்கலாம். அங்கிருந்து இரண்டே அடியில் முடித்துவிடுவாள், இடம் அவளுக்குத்தான். கொடி காட்டவில்லை என்றால் பந்து எங்கே போனது என்று சொல்ல ஆளில்லை. காணாமல் போன பந்து. தண்டமும் கொடுத்துவிட்டு முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும்.

"கூட்டம் வெள்ளையப் பாத்துத்தானே ஓடுச்சு?" என்றார்.

"ஆமா. வீசுனது கொடிதான்னா எனக்கு அது போதும்."

"கொடின்னா இவன்."

"ஆமாங்க."

அவர் கண்மாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கண்மாய்க்குள் ஆயிரம் பேர் குனிந்து ஊத்தாவைக் குத்திக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பெண் விராலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். இங்கே கரையில் கம்பு பிடித்த கைகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் சொல்லப்போவது எனக்கு முன்கூட்டியே தெரிந்துபோன மாதிரி இருந்தது. சொல்லாதே மனுஷா, சொல்லாதே என்று உள்ளுக்குள் கத்தினேன்.

"என்னப்பா சத்தம்?" என்று குரலை உயர்த்தினார். "துண்டு வீசுனது நாந்தான். பூசை முடிஞ்சுச்சு, வீசுனேன். அதுக்கென்ன இப்ப?"

பூசாரி தலையைக் குனிந்துகொண்டார். அய்யனார் கோயில் பக்கம் நின்றவர்களுக்குத் தெரியும், அவர் வீசவில்லை என்று. ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்களில் பாதிப்பேர், ஆமாம், நானும் பார்த்தேன் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

"அம்பலம்" என்றேன். "யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க வீசுனதுன்னா, நான் என்ன செய்யணும்னு ஒங்களுக்கு இப்பத்தான் சொன்னேன்."

"காது கேக்கும் டீச்சர் எனக்கு. நாந்தான் வீசுனேன்."

முனியசாமி தன் மகனின் சட்டையைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. மடித்துக் கட்டிய வேட்டியை மெல்ல இறக்கிவிட்டார். "அண்ணன் வீசுனா சரிதான்" என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து எத்தனை காலமிருக்குமோ. கம்புகள் தாழ்ந்தன. இன்ஸ்பெக்டர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பெரிய பாரம் இறங்கியவராகத் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஊருக்கு நல்லகாலம். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. ஊரைக் காப்பாற்றுகிற பெரிய மனுஷனுக்கு விலையாகக் கொடுக்க மகள்தானா கிடைத்தாள்? அதைக் கேட்டுவிட்டாவது கொடுத்தாரா?

நான் சேரனிடம் கடைசியாக ஒருமுறை திரும்பினேன். அவன் அப்பா கை அவன் தோளில் இருந்தது.

இன்னும் ஒரு வழி மிச்சமிருந்தது. ஆடுகிறவள் பார்த்திருந்தால் அவள் சொல்வதும் சாட்சிதான். அவளை நம்புவதுதான் இந்த ஆட்டத்தின் அடிப்படையே.

"அன்பு, நீ நடுவுலதான நின்ன? அடிச்சதும் இங்கிட்டுப் பாத்தியா? என்ன கொடி தெரிஞ்சுச்சு? நீ சொன்னாலும் கணக்குத்தான்."

அவள் முழங்கால்வரை சேறு. என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அம்பலம் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"இல்ல டீச்சர்" என்றாள். "நான் பந்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"பாக்கலை டீச்சர்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம் முடிந்திருந்தது. "காணாமல் போன பந்து" என்று சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. டயானா பக்கத்தில் வந்து, "மேம், அவங்க வேணும்னா நான் ஒத்துக்கறேன், உள்ளதான் இருந்துச்சுன்னு வெச்சுக்கலாம்" என்றாள். நல்ல பெண். ஆனால் அதெல்லாம் இருவரும் பேசி வைத்துக்கொள்கிற விஷயமில்லை. அப்படிச் செய்தால் இரண்டு பேரையும் வெளியேற்ற வேண்டும். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

அன்புமொழி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தாள். மீன் சட்டியோடு எதிரே வந்தவர்கள், "என்னத்தா, முடிஞ்சுருச்சா?" என்று விசாரித்தார்கள். அவள் நிற்காமல் அடித்த இடத்துக்குப் போனாள். புதுப் பந்தை வைத்தாள். இந்த முறை நான் மரத்துக்குப் பின்னால் போகவில்லை, நேரே நின்று பார்த்தேன். அடித்த சத்தம் சுத்தமாக இருந்தது. பந்து நேராக எழும்பி, வரத்து வாய்க்காலைத் தாண்டி, பிரவுனில் விழுந்து உருண்டு குழிக்கு ஓர் ஆள் நீளத்தில் நின்றது. அப்படி ஓர் அடியை அந்த மைதானத்தில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. முதலிலேயே அதை அடித்திருக்கக் கூடாதா என்று அவள்மேலும் கோபம் வந்தது.

டயானா நாலில் முடித்துவிட்டாள். தண்டத்தையும் சேர்த்து அன்புமொழி நாலு அடித்திருந்தாள். இதைக் குழியில் தள்ளிவிட்டால் இருவரும் சமம், மறுபடி ஓர் ஆட்டம் உண்டு.

மணலில் பந்தை உருட்டுமுன் வழியைச் சமப்படுத்திக்கொள்ளலாம். அவள் பலகையை எடுத்து, பந்திலிருந்து குழிவரை ஒரே இழுப்பாக இழுத்தாள். செருப்புச் சேறு மணலில் பட்டுவிடக் கூடாதென்று செருப்பில்லாமல் ஓரமாக நடந்தாள். கண்மாய்ப் பக்கமிருந்து கூச்சல் குறையவே இல்லை. ஃபிரெடி சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் தட்டினாள். பந்து போனது, போனது, குழியின் விளிம்பைத் தொட்டுச் சுற்றி, வெளியே வந்து நின்றது. அடுத்த தட்டில்தான் உள்ளே போனது.

ஆறு. ஓர் அடியில் போய்விட்டது.

டயானா அவளைக் கட்டிப்பிடித்தாள். அன்புமொழி அழவில்லை. அடிக்கணக்கு எழுதிய கார்டை வாங்கி ஒவ்வொரு குழியாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். ஃபிரெடி சார், "ஊரோட பிரச்சினை இல்லாம முடிஞ்சுச்சே டீச்சர், அதுவே பெரிசு" என்றார். நான் திருப்பிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கொஞ்ச நேரம் கழித்து, என் மேஜைக்குப் பக்கத்துக் குழாயடியில் அவள் ஸ்டிக்குகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அம்பலம் வந்தார். இத்தனை வருடத்தில் அவர் மைதானத்துக்குள் காலெடுத்து வைத்தது அன்றுதான். இரண்டு கையிலும் ஒரு பெரிய விரால், இன்னும் உயிர் போகாமல் வாலை அடித்துக்கொண்டிருந்தது. முதலில் சிக்கும் பெரிய மீனைத் துண்டு வீசியவர் வீட்டுக்குக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம்.

"முனியசாமியே கொண்டாந்து குடுத்தான் ஆத்தா, அவன் கையால. சேரன் எங்கால்ல விழுந்துட்டான்" என்றார். முகமெல்லாம் பூரிப்பு. "இனிமே சண்டையில்ல. ஒனக்குத்தான் கொண்டாந்தேன். வாங்கிக்க."

அவள் குழாயை நிறுத்தினாள். மீனை வாங்கவில்லை.

"சேரன் அண்ணன் கொடிய வீசுனத நான் பாத்தேன்ப்பா."

அவர் கைகள் அப்படியே நின்றன.

"தலைக்கு மேல சுத்திச் சுத்தி வீசுச்சு. அங்கிட்டு நின்னு நல்லாப் பாத்தேன். எனக்காகத்தான் வீசுச்சு."

"பின்ன ஏம்மா சொல்லலை? டீச்சர் கேட்டாங்கள்ல? ரெண்டு தரம் கேட்டாங்க."

"நீங்க ஊரு முன்னாடி சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் நான் சொன்னா நீங்க பொய் சொன்னவராயிருவீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "எனக்கு இதான்ப்பா கடைசி வருசம். ஒங்களுக்குத் தெரியும்ல. தெரிஞ்சுதான சொன்னீங்க?"

அவள் ஸ்டிக்குகளை ஈரத்தோடு பையில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி முந்திரிக் காட்டு வழியாக வீட்டுக்கு நடந்தாள். மீன் அவர் கையிலிருந்து நழுவிச் செம்மண்ணில் விழுந்து புரண்டது. அவர் அதை எடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து என் மேஜைப் பக்கம் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"டீச்சர், இப்பச் சொல்றேன். நான் வீசலை. சேரன்தான் வீசுனான். ஊரக் கூட்டிச் சொல்லணும்னாலும் சொல்றேன். இப்ப மாத்த முடியாதா?"

"முடியாதுங்க. கார்டுல கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு."

"யாரு போட்டது?"

"ஒங்க மகதான்" என்றேன்.